முள்ளெலும்புக்கு ஒரு பேரம்

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எப்படியாவது கேள்விப்பட்டுப் போன் செய்து, என் பெயரைப் போட்டுவிட்டாயே, அதற்கு எனக்கு என்ன தருவாய் என்று ஆரம்பித்துவிடுவார். போர்ட் பிளேரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒப்பந்த வேலையில் பிசியோதெரபிஸ்டாக நான் இருந்தபோது எனக்கு வாய்த்த நோயாளி அவர். பஜாரில் காய்கறிக் கடை வைத்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். இவர் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் தீவிலேதான். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை முதலில் டாக்டரம்மா என்றார், ஒரு வாரத்துக்குள் அதைப் பாப்பாவாகக் குறைத்துவிட்டார்.

முதல் நாள் அவரை மல்லாந்து படுக்க வைத்து, முழங்கால்களை மடக்கச் சொல்லி, வயிற்றை உள்ளே இழுத்து இடுப்பைக் கட்டிலோடு அழுத்தச் சொன்னேன். பத்து தடவை செய்ய வேண்டும் என்றேன். கூரையைப் பார்த்தபடியே, "ஏழு" என்றார். காதில் விழாதது மாதிரி மறுபடியும் பத்து என்றேன்.

"சரி, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம். எட்டு. சலேகா?"

இதுவரைக்கும் போனால் போதுமா, ஒப்புக்கொள்கிறாயா என்று இந்தியில் கேட்பதுதான் அந்த 'சலேகா'. வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் தமிழரும் ஒரே பஜாரில் வியாபாரம் செய்யும் ஊரில் எல்லோருக்கும் பொதுவாக இந்திதான் ஓடும். அக்காவின் இந்தியில் நான் அதிகம் கேட்ட சொல் அது ஒன்றுதான். தக்காளிக்கும் அதுதான், தையல்காரருக்கும் அதுதான், இப்போது முதுகுக்கும் அதுவேதான்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. தஞ்சாவூரில் வளர்ந்தவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுமை கொஞ்சம் கம்மி. அடுத்த வாரமே பதினைந்து என்று ஆரம்பித்துப் பத்தில் முடிக்கப் பழகிக்கொண்டேன். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. அப்புறம் பக்கத்துக் கட்டிலில் தோள்பட்டைக்காக வந்த ஒரு பஸ் கண்டக்டர், தன் மனைவிக்கும் இதே பயிற்சிதான், அவளுக்குப் பத்துதான் சொன்னார்கள் என்று உளறிவிட்டார். அக்கா எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. ஏமாற்றப்பட்ட கோபம் அதில் துளியும் இல்லை. இந்தப் பெண்ணுக்கும் தொழில் தெரிந்திருக்கிறதே என்ற மரியாதைதான் இருந்தது.

அவருடைய நோயைக் கண்டுபிடித்த விதம் சுவாரசியமானது. பஜாரில் அக்கா பேரத்தில் இறங்குகிறார் என்றால் ஓர் அடையாளம் உண்டு. தராசு மேசை மேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி முன்னால் சாய்வார். அவர் சாய்ந்துவிட்டால் லோடு கொண்டு வந்தவனுக்குப் பாதி உயிர் போய்விடும் என்று எதிர்க்கடை தெலுங்குக்காரர் சொல்வார். வங்கியில், ரேஷன் கடையில், கோயிலில் அர்ச்சனைச் சீட்டு தரும் ஜன்னலில், எங்கே போனாலும் அந்த முழங்கை ஊன்றல்தான். ஊரே அதைத் தோரணை என்று நினைத்துக்கொண்டிருந்தது.

எங்கள் எலும்பு டாக்டர் ஒரு வங்காளி. சத்தமே போடமாட்டார். அக்கா டோக்கன் ஜன்னலில் சாய்ந்து நின்றதைத் தூரத்திலிருந்து பார்த்தவர், உள்ளே வந்ததும் எதையும் பிடிக்காமல் நிமிர்ந்து நிற்கச் சொன்னார். கொஞ்ச நேரத்துக்குள் அக்காவின் கை தானாகவே மேசை ஓரத்தைத் தேடியது. முன்னால் குனிந்தால் வலி விடுகிறதா என்று கேட்டார். விடுகிறது. நின்றாலும் நடந்தாலும் பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை இழுக்கிறதா? இழுக்கிறது. உட்கார்ந்தால் அடங்குகிறதா? அடங்குகிறது. நிற்க வைத்து, குனிய வைத்து, பின்னால் சாய வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். கீழ்முதுகில் நாலாவது முள்ளெலும்பு ஐந்தாவதின் மேலிருந்து முன்பக்கமாக நழுவியிருந்தது. பெரிய நழுவல் இல்லை, கால் பங்கும் வராது. ஆனால் அந்த நழுவலில் நரம்பு போகிற வழி குறுகியிருந்தது. குனிந்தால் அந்த வழி கொஞ்சம் திறந்துகொள்ளும். வருஷக்கணக்காக அக்கா கடைக்குக் கடை முழங்கை ஊன்றியது தன்னை அறியாமல் தன் நரம்புக்கு இடம் கொடுக்கத்தான்.

டாக்டர் சொன்னதை நான் அவருக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, அதை அக்கா பார்க்கவே மறுத்தார். எலும்புக்கூட்டைக் காலங்காத்தால பார்த்தால் வியாபாரம் படுத்துவிடும் என்றார். அதனால் ஒரு நாள் அவருடைய கடைக்கே போய், காய் வரும் பிளாஸ்டிக் கிரேட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேலிருந்து இரண்டாவதைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக் காட்டினேன். உடனே கையை நீட்டி அதை உள்ளே தள்ளினார். முடிந்தது, இதற்கு எதற்கு இத்தனை மாத்திரை என்றார்.

முதுகில் அப்படித் தள்ள முடியாது, தள்ளவும் கூடாது என்று சொல்ல எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. நழுவின எலும்பு நழுவினபடியேதான் இருக்கும். மேற்கொண்டு நகராமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். லாரியில் அடுக்கு சரிந்தால் நடுரோட்டில் இறக்கி அடுக்குவார்களா, சுற்றிக் கயிறு போட்டு இறுக்குவார்களா என்று கேட்டேன். கயிறு என்றார். அந்தக் கயிறுதான் உங்கள் வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும், அதை முறுக்கேற்றத்தான் பத்து தடவை என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"கயிறு நல்லா இருந்தா எட்டு போதும்ல?"

இவ்வளவு விளக்கமும் ஏன் தேவைப்பட்டது என்றால், பஜாரில் முதுகு வலி என்றால் எல்லோருக்கும் ஒரே பெயர்தான், டிஸ்க். எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை பிதுங்குவது அது. உருளைக்கிழங்கு மண்டிக்காரர் ஒருவருக்கு நிஜமாகவே டிஸ்க். குப்புறப்படுத்துத் தலையையும் நெஞ்சையும் பின்னால் தூக்குகிற ஆசனம் செய்து அவருக்குக் குணமாகியிருந்தது. அந்த மனிதர் அதற்குப் பிறகு கிழங்கு விற்பதை விட ஆசனம் சொல்லிக்கொடுப்பதில்தான் அதிக அக்கறை காட்டினார். அக்காவும் மூட்டைகளுக்கு நடுவே சாக்கு விரித்துச் செய்திருக்கிறார். மண்டிக்காரரை விட ஒரு பிடி அதிகமாகவே வளைத்திருக்கிறார். இரண்டு நாளில் கால் இழுப்பு இரட்டிப்பானது. டிஸ்க்குக்கு நல்லது செய்கிற அதே பின்வளைவு, எலும்பு நழுவினவருக்கு நரம்பு போகிற வழியை இன்னும் நெருக்கும். இதைச் சொல்லி நான் கத்தியது வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும். அக்கா அசரவில்லை. பின்னால் வளைந்ததற்குச் சரியாக முன்னால் குனிந்து கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

பெல்ட் விஷயம் இன்னொன்று. வலி கடுமையாக இருந்த வாரங்களுக்கு மட்டும் இடுப்பு பெல்ட் கொடுத்தோம். அதைச் சேலைக்கு மேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்தார். விலை பேச வருகிறவர்களிடம் பெல்ட்டைத் தட்டிக் காட்டுவார், இடுப்பு உடைந்தவளிடம் போயா இப்படிக் கேட்பது என்பார். ஆள் மறுபேச்சில்லாமல் சொன்ன விலைக்கு ஒத்துக்கொண்டுவிடும். பெல்ட்டைத் தொடர்ந்து போட்டால் தசை சோம்பேறியாகிவிடும், கழற்றுங்கள் என்று நான் சொன்ன அன்று அவர் முகம் வாடியதைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. திங்கட்கிழமைகளில் மட்டும் போட்டுக்கொள்ளலாமா என்றார். ஏன் திங்கள் என்றேன். சென்னைக் கப்பல் காய் பெரும்பாலும் திங்களன்றுதான் கடைக்கு வருமாம், அன்றைக்குத்தான் பெரிய பேரமாம்.

கப்பல் வந்தால் மூட்டை தூக்குவதுதான் எனக்கு இருந்த பயம். அதில் மட்டும் அவர் சொன்னபடி கேட்டார். பெரிய மூட்டை லோடு ஆட்களுக்கு, சின்னப் பை மட்டும் அவருக்கு. அதையும் முழங்காலை மடக்கி, வயிற்றோடு அணைத்துத்தான் எடுத்தார். ஏன் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. வேறு ஒன்றுக்காக முதுகைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் பயிற்சி முடிந்து, கட்டிலை விட்டு இறங்காமல் கேட்டார். "பாப்பா, உருளலாமா?"

எங்கே உருள வேண்டும் என்றேன். கோயிலில் என்றார். அப்போதுதான் முழுக் கதையும் வந்தது. போன மழைக்காலத்தில், ஒரு காலை வேளையில், வெங்காய மூட்டையைத் தூக்கக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. வீட்டுக்காரரும் எதிர்க்கடைக்காரரும் சேர்ந்து பலகையில் படுக்க வைத்திருக்கிறார்கள். இனி நடக்கவே மாட்டேன், கடை போயிற்று, எல்லாம் போயிற்று என்று படுத்துக்கிடந்தபோது முருகனிடம் சொல்லியிருக்கிறார். என்னை எழுப்பி விடு, பங்குனி உத்திரத்தன்று உன் பிராகாரத்தைச் சுற்றி அங்கப்பிரதட்சணம் செய்கிறேன். மறுநாளே எழுந்து நின்றுவிட்டார்.

முதுகுக்காக வேண்டிக்கொள்கிறவர் முதுகையே பணயம் வைத்தா வேண்டிக்கொள்வார்? எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கல் தரையில் ஈர உடம்போடு உருண்டால், ஒவ்வொரு புரளலுக்கும் இடுப்பு முறுக்கும். குப்புற வரும்போதெல்லாம் முதுகு பின்னால் வளையும். எந்த மூட்டில் நழுவியிருக்கிறதோ அதே மூட்டில்தான் அத்தனையும் விழும். நரம்பு இன்னும் நசுங்கினால் பாதம் தொய்ந்து போகலாம், சிறுநீரை அடக்க முடியாமல் போகலாம். அப்படி ஆனால் பொறுக்க நேரமில்லை, விமானத்தில் ஏற்றி மெயின்லேண்டுக்கு அனுப்பி, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து எலும்பைச் சேர்க்க வேண்டிவரும். ஒன்று விடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"பாதி சுத்து?"

முடியாது என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் முதல் தடவையாக அவர் குரல் இறங்கியதைக் கேட்டேன். "அவன் எந்திரிக்க வச்சுட்டான். நான் இன்னும் செய்யல. அதான் கால்ல இழுத்து ஞாபகப்படுத்துறான்."

காலில் இழுப்பது அழுத்தப்பட்ட நரம்பு என்றேன். அழுத்துவது யார் என்று கேட்டார். கண்ணெதிரே பயத்தோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். தக்காளிக்காரனிடம் பயப்படாத, டாக்டரிடம் பயப்படாத அக்கா, கொடுத்த வாக்குக்குப் பயந்தார். எனக்கு அவரை அன்றைக்குத்தான் ரொம்பப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு மாசி முழுவதும் எங்களுக்குள் இந்தப் பேரம்தான். உருளுவதற்குப் பதில் பால்குடம்? தலையில் சுமை கூடாது. மெத்தை விரித்து உருண்டால்? முறுக்கு முறுக்குதான். ரொம்ப மெதுவாக உருண்டால்? அக்கா, தயவுசெய்து. நடந்து சுற்றுங்கள், சாமிக்குப் புரியும் என்றேன். நடப்பதாகச் சொல்லி அவர் வேண்டிக்கொள்ளவில்லையே என்றார். இதற்கு நடுவில் பயிற்சி மட்டும் நிற்கவில்லை. எட்டு பத்தானது. பத்தை அவராகவே பன்னிரண்டாக்கிக்கொண்டார். ஷாதிபூரில் அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் நான் குடியிருந்தேன். சாயங்காலம் ஏற்றத்தில் நடக்கக் கூட்டிப்போவேன். முதலில் ஒவ்வொரு காம்பவுண்டுச் சுவரிலும் சாய்ந்தார், அப்புறம் முக்கில் மட்டும் சாய்ந்தார். முதுகு தேறத் தேற எனக்குச் சந்தோஷம், கூடவே கலக்கம். தேறினால் உருண்டுவிடுவாரே.

கடைசியில் நான்தான் வழி சொன்னேன். சாமியிடமே கேட்டுவிடுங்கள் என்றேன். என் வாயிலிருந்து இது வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்குப் பூ போட்டுப் பார்ப்பதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் டாக்டர் சொல்லியும் நான் சொல்லியும் கேட்காதவர், அவன் சொன்னால் கேட்பார் என்று ஒரு கணக்கு.

உத்திரத்துக்கு முந்தின வாரம் முருகன் கோயிலுக்குப் போனோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டும் ஒரே மாதிரி மடித்து சன்னதிப் படியில் வைத்தார் குருக்கள். நடந்து சுற்றினால் போதும் என்றால் வெள்ளை, உருளத்தான் வேண்டும் என்றால் சிவப்பு. யாராவது ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள் என்று ஒதுங்கி நின்றேன். அக்கா என்னைப் பார்த்து, "நீ எடு" என்றார். நான் எடுத்தால் நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டேன். நீ எடுத்தால்தான் பிறகு நீ மறுத்துப் பேசமாட்டாய் என்றார்.

கை நீட்டும்போது எனக்கு வியர்த்துவிட்டது. நம்பிக்கை இல்லாதவளுக்கு எதற்கு வியர்க்க வேண்டும் என்று தெரியவில்லை. பிரித்தால் சிவப்பு.

அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டார். பிளேட், ஸ்க்ரூ, விமானம் எல்லாம் என் கண் முன்னால் வந்து நின்றன. இன்னொரு தடவை எடுக்கலாமா என்று குருக்களைக் கேட்டேன். ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்கக் கூடாது என்றார். அப்படியென்றால் வேறு கேள்வி கேட்கலாம் அல்லவா என்றேன். அவர் தோளைக் குலுக்கினார். எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்தது என்று தெரியாது, படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாமியைப் பார்த்து நானே கேட்டேன். உருளத்தான் வேண்டும், சரி. அக்காவுக்குப் பதிலாக வேறொருவர் உருண்டால் ஏற்றுக்கொள்வாயா? ஏற்றுக்கொள்வாய் என்றால் வெள்ளை. மனசுக்குள் அக்காவின் மகனை நினைத்துக்கொண்டுதான் கேட்டேன். கார் நிக்கோபாரில் அரசாங்க வேலை, நல்ல வாட்டசாட்டமான ஆள் என்று கேள்வி.

குருக்கள் மறுபடியும் மடித்துக் கலைத்து வைத்த பொட்டலங்களில் ஒன்றைப் பிரித்தேன். வெள்ளை. அக்கா வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். மகனுக்குப் போன் செய்துவிடுங்கள் என்றேன். உத்திரத்தன்று அவனுக்குத் தேர்தல் பயிற்சி வேலை, கப்பலில் இடமும் இல்லை என்றார். அப்படியானால் வீட்டுக்காரர்? அவர் லாங் ஐலண்டுப் படகில் ஏறினாலே வாந்தி எடுப்பவர், உருண்டால் என்ன ஆவது என்றார். பிறகு என்னை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தார். கிழங்கு மூட்டையைத் தட்டிப் பார்க்கிற பார்வை.

"பூ எடுத்த கைதான செய்யணும். உனக்கு முதுகு நல்லாத்தான இருக்கு?"

பூ எடுத்தவர்தான் செய்ய வேண்டும் என்று எந்த ஊரிலும் சாஸ்திரம் கிடையாது. குருக்களைப் பார்த்தேன். அவர் விபூதித் தட்டைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார்.

உத்திரத்தன்று விடியற்காலையில், காவடிக் கூட்டம் சேருவதற்கு முன்னால், ஈரச் சேலையோடு பிராகாரத்தில் படுத்தேன். தஞ்சாவூரில் பெரிய பெரிய கோயில்களுக்குப் பக்கத்தில் வளர்ந்தும் ஒரு நாளும் செய்யாததைக் கடல் தாண்டி வந்து செய்தேன். எங்கள் டாக்டருக்கு விஷயம் எப்படியோ தெரிந்து, தன் மனைவியோடு வந்து ஓரமாக நின்றிருந்தார். இரண்டு பெண்கள் என்னைப் புரட்டிவிட்டார்கள். அக்கா பக்கத்திலேயே நடந்தார்.

தரையில் கிடந்து பார்த்தால் ஆளின் நடைதான் முதலில் தெரியும். ஒவ்வொரு புரளலிலும் ஒரு கணம் அவர் கால்கள் என் கண்ணில் பட்டன. இரண்டு காலும் ஒரே அளவு எட்டு வைத்தன. இழுத்துக்கொண்டிருந்த கால் தயங்கவில்லை. சுவர் பக்கம் ஒதுங்கவில்லை, தூணைத் தேடவில்லை, கை இரண்டும் மார்புக்கு முன்னால் கூப்பியபடியே இருந்தன. எத்தனை மாதப் பயிற்சி அது. சந்தோஷத்தில் அழுதேன், தலைக்கு ஊற்றிய தண்ணீரோடு அதுவும் போய்விட்டது.

ஆனால் சன்னதிக்குப் பின்பக்கம் வந்தபோது எனக்கு உலகமே சுழன்றது. தோள்பட்டை எரிந்தது, முழங்கை சிராய்த்திருந்தது. மல்லாந்தபடியே கிடந்துவிட்டேன். அக்கா குனியாமல், முழங்காலை மடக்கி, சரியான முறையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாதிக்கு மேல் வந்தாயிற்றே, மீதியை எழுந்து நடந்து முடித்தால் போதாதா என்று கேட்டேன். எனக்கே தெரியாமல் கடைசியில் ஒரு 'சலேகா'வும் சேர்ந்து வந்துவிட்டது.

அவர் நாலு பக்கமும் பார்த்தார். யார் காதிலும் விழுந்திருக்கக் கூடாதே என்பது போல என் காதருகே வந்தார்.

"என்ன பாப்பா நீ, சாமிகிட்டப் போயி பேரம் பேசுற?"

எழுந்து, மார்பில் கையைக் கூப்பிக்கொண்டு, முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் உருண்டேன்.